காலாவதியான ஃபிளேர் பெட்டியை என்ன செய்வது? புதிதாக எதை வாங்குவது?

கேள்வி இதுதான். 7 மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஃபிளேர்கள், அதாவது ஆபத்தில் இருப்பதைக் காட்டக் கொளுத்தும் சைகைகள்: கையில் பிடிக்கும் சிவப்பு ஃபிளேர் நான்கு, பாராசூட் ராக்கெட் இரண்டு, ஆரஞ்சுப் புகை டப்பா ஒன்று. எல்லாம் காலாவதியாகி ஆறு வருடம் ஆகிறது. ஒரு ஃபிளேரின் மூடியில் துரு. கூடவே பேட்டரி தேதி கடந்த பழைய ஈபிர்ப், அதாவது செயற்கைக்கோளுக்கு அவசரச் சைகை அனுப்பும் கருவி. இவற்றை உபரியாக வைத்துக்கொள்ளலாமா, இல்லையென்றால் எங்கே போடுவது, புதிதாக என்ன வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரத்துக்கு ஒரு வரி: கொளுத்திப் பார்க்காதீர்கள், வாளித் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், குப்பையிலும் கடலிலும் போடாதீர்கள். துரு ஏறியதைத் தொடவே வேண்டாம். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் இந்த டப்பா ஒரு தொல்லையாக உங்கள் கையில் வந்து சேர்ந்ததற்குக் காரணமே, முன்பு வைத்திருந்தவர் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ‘இருக்கட்டுமே’ என்று நிறைய வாங்கியதுதான்.

ஆபத்தில் இருக்கும் படகு செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு ‘நான் ஆபத்தில் இருக்கிறேன்’ என்று சொல்வது ஒன்று. உதவிக்குக் கிளம்பி வந்தவருக்கு ‘இதோ, இங்கே இருக்கிறேன்’ என்று காட்டுவது இன்னொன்று. பலர் இரண்டையும் ஃபிளேரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். முதல் வேலைக்கு ஃபிளேர் அவ்வளவு நம்பகமானது அல்ல. அது எரியும் அந்த 40 விநாடியோ ஒரு நிமிடமோ, யாராவது சரியாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தாலும் புரிந்துகொள்ள வேண்டும். 1912-ல் டைட்டானிக் வெள்ளை ராக்கெட்டுகளை ஏவியபோது, கலிஃபோர்னியன் கப்பலில் காவலில் நின்றவர்கள் அவற்றைக் கண்ணால் பார்த்தார்கள். அது ஆபத்துச் சைகை என்று எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பவில்லை. அன்றைய விதி எந்த நிறத்திலும் ராக்கெட் விடலாம் என்றது. இன்று ராக்கெட்டும் கைஃபிளேரும் சிவப்பாக இருந்தால்தான் ஆபத்து என்று பொருள். ஆனாலும் பார்க்கும் கண் வேண்டும் என்ற குறை அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே முதல் வேலைக்கு வானொலியும் செயற்கைக்கோளும். படகில் பொருத்திய விஹெச்எஃப் வானொலி, அதாவது மற்றக் கப்பல்களோடும் கரையோடும் பேசும் கருவி, இருந்தால் அதில் மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் தூக்கி, சில விநாடி விடாமல் அழுத்தினால், சேனல் 70 வழியாக உங்கள் படகின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் இலக்கமாகப் பறந்துபோய், சுற்றியுள்ள கப்பல்களிலும் கரை நிலையத்திலும் மணி அடிக்கும். அப்புறம் சேனல் 16-ல் வாயால் சொல்ல வேண்டும்: ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்புச் சொல் மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இருக்கும் இடம், என்ன ஆயிற்று, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும். இதை ஓர் அட்டையில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பயத்தில் நாக்கு குழறும், படிப்பது சுலபம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும். அந்தச் சிவப்புப் பொத்தான் வேலை செய்ய, வானொலியில் படகின் 9 இலக்க அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐ பதிந்திருக்க வேண்டும். இருக்கும் இடமும் தானாகச் சேர்ந்து போக ஜிபிஎஸ் இணைந்திருக்க வேண்டும். கைமாறி வந்த படகுகளில் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எண்ணே இல்லாத வானொலியும் உண்டு, முந்தைய உரிமையாளரின் பெயரில் இன்னும் இருக்கும் எண்ணும் உண்டு. இரண்டாவது இன்னும் மோசம்: நீங்கள் மூழ்கிக்கொண்டிருக்கும்போது மீட்பு மையம் அவருடைய வீட்டுக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்.

ஈபிர்ப் இதைவிடப் பெரிய ஆள். 406 மெகாஹெர்ட்ஸில் பேசும். காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் கேட்டு, மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் சேர்க்கும். குறைந்தது 48 மணி நேரம் விடாமல் அனுப்பும். சட்டையோடு மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவியான பிஎல்பி குறைந்தது 24 மணி நேரம் அனுப்பும். 406-உடன் 121.5 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு மெல்லிய சைகை போகும். அது பக்கத்தில் வந்துவிட்ட விமானமோ படகோ மோப்பம் பிடித்து வருவதற்கு. 121.5-ல் மட்டும் பேசும் மிகப் பழைய கருவி கையில் இருந்தால் அதை நம்ப வேண்டாம். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது என்று பலர் கேட்பார்கள். கரையோரமாகவே சுற்றுபவர் என்றால், நல்ல வானொலியும் லைஃப் ஜாக்கெட்டில் கட்டிய ஒரு பிஎல்பியும் என்பேன். ராக்கெட் பெட்டி அதற்கு அப்புறம்தான். கைபேசியைச் சேர்த்துக்கொள்ளலாம், நம்பிவிடக் கூடாது. 2022-ல் வந்த ஐஃபோன் 14 முதல் சில கைபேசிகள் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் சேவை இருக்கும் பகுதியில்தான், அதுவும் திறந்த வானத்துக்குக் கீழே கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றால்தான். அலையில் மிதந்துகொண்டு ஈரக் கையால் தொடுதிரையைத் தடவிப் பாருங்கள், தெரியும்.

சரி, ஃபிளேருக்கு வருவோம். இரண்டாவது வேலையில் அதற்கு நிகர் இல்லை. மீட்புப் படகு உங்களிடமிருந்து இரண்டு கடல் மைலில் நிற்கும், ஜிபிஎஸ் எண்ணும் அவர்களிடம் இருக்கும், ஆனாலும் அலைகளுக்கு நடுவே உங்கள் வெள்ளைப் படகு கண்ணில் படாது. அப்போது கையில் ஒரு சிவப்பு நெருப்பு எழுந்தால் தேடல் அத்தோடு முடிந்தது.

பெரிய கப்பல்களுக்கான சொலாஸ் விதிப்படி செய்த பாராசூட் ராக்கெட் குறைந்தது 300 மீட்டர் உயரம் போக வேண்டும், 30,000 கேண்டெலா பிரகாசத்தில் 40 விநாடி எரிய வேண்டும், விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. கணக்குப் போட்டால், எரிந்து முடியும்போதும் அது கடலுக்கு 100 மீட்டர் மேலே இருக்கும். தெளிந்த இரவில் 25 கடல் மைல் தூரத்திலிருந்தும் தெரியக்கூடும். கைஃபிளேர் 15,000 கேண்டெலா, ஒரு நிமிடம். உயரம் உங்கள் கை உயரம்தான், அதனால் 3 முதல் 5 கடல் மைல். மிதக்கும் புகை டப்பா அமைதியான நீரில் குறைந்தது 3 நிமிடம் ஆரஞ்சுப் புகை விடும். அது பகலுக்கு. முக்கியமாக மேலிருந்து பார்க்கும் விமானிக்கு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். இரவில் அதனால் பயனில்லை.

வாங்கும்போது உறையைப் படியுங்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகுகளுக்கென்று அங்கீகரித்த கைஃபிளேர் ஒன்று 500 கேண்டெலாவில் 2 நிமிடம் எரியும். சொலாஸ் கைஃபிளேர் அதைப்போல் 30 மடங்கு பிரகாசம். பார்வைக்கு இரண்டும் சிவப்புக் குச்சிகள்தான். சிறியதுக்கும் சட்டப்படி அனுமதி உண்டு, ஆனால் நான் என் படகில் சொலாஸ் முத்திரை உள்ளதைத்தான் வைப்பேன். இரண்டு சொலாஸ் குச்சி ஆறு சிறிய குச்சிக்கு மேல். நான்கு வருடம் கழித்துக் கழிப்பதற்கும் இரண்டுதான் இருக்கும்.

பயன்படுத்தும் முறையில் பலர் தவறுவது காற்றின் விஷயத்தில். ராக்கெட்டின் குணம், மேலே போகும்போது காற்று வரும் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே காற்று பலமாக இருந்தால் செங்குத்திலிருந்து சுமார் 15 பாகை காற்று போகும் பக்கமாகச் சாய்த்து ஏவ வேண்டும். மேகம் தாழ்ந்து கிடந்தால் சாய்வை 45 பாகை வரை கூட்டினால் மேகத்துக்கு அடியிலேயே எரியும். நேராக ஏவிவிட்டு, மேகத்துக்கு மேலே அழகாக எரிந்து அணைந்ததை யாருமே பார்க்கவில்லை என்றால் என்ன பயன்? ராக்கெட் ஒன்றை மட்டும் விட்டால் அதைப் பார்த்தவருக்கு ‘நிஜமாகத்தான் பார்த்தோமா’ என்று சந்தேகம் வரும். ஓரிரு நிமிடத்தில் இரண்டாவதை விட்டால் சந்தேகம் தீரும், திசையும் பிடிபடும். அதற்கு மேல் கண்மூடித்தனமாக விடாதீர்கள். கப்பலோ படகோ கண்ணில் பட்டால் கைஃபிளேர். ஹெலிகாப்டர் வந்துவிட்டால் ராக்கெட்டைத் தொடவே கூடாது. கைஃபிளேரும் புகையும்கூட விமானி கேட்டால்தான்.

கைஃபிளேர் பிடிக்கும் விதம்: படகில் காற்று போகும் பக்கத்துக்குப் போய், கையைக் கடலுக்கு மேலே நீட்டி, குச்சியைச் சற்று வெளிப்புறமாகச் சாய்த்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். உருகிய கசடு சொட்டும். அது ஆயிரம் பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பத்தில் எரியும் பொருள். காற்று நிரப்பிய உயிர்காப்பு மிதவையில் ஒரு சொட்டு விழுந்தால் மிதவையே போச்சு. தடித்த தோல் கையுறை ஒன்று அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கட்டும். பற்றவைக்கும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்: சிலதில் கயிற்றை இழுக்க வேண்டும், சிலதில் அடிப்பாகத்தைத் தட்ட வேண்டும், சிலதில் தீப்பெட்டி மாதிரி உரச வேண்டும். வாங்கிய அன்றே பகல் வெளிச்சத்தில் படித்துவிடுங்கள். படகில் வெள்ளை ஃபிளேர் இருந்தால் அதைத் தனியே வையுங்கள். அது ‘நான் இங்கே இருக்கிறேன், மோதிவிடாதே’ என்று வரும் கப்பலுக்குச் சொல்வதற்கு. ஆபத்துச் சைகை அல்ல.

இப்போது எல்இடி விளக்குகள் வந்திருக்கின்றன. எஸ்ஓஎஸ் என்று மணிக்கணக்கில் விட்டுவிட்டு எரியும், கையைச் சுடாது, குழந்தை கையில் கொடுக்கலாம், பேட்டரி மாற்றினால் போதும், காலாவதி இல்லை, கழிக்கும் தொல்லையும் இல்லை. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது ஒன்றை இரவுச் சைகையாகவும், அதோடு ஓர் ஆரஞ்சுக் கொடியைப் பகல் சைகையாகவும் வைத்துக்கொண்டால் ஃபிளேர் கட்டாயம் இல்லை. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. உங்கள் படகு எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டு விதியைப் பாருங்கள். பிரகாசத்தில் இந்த விளக்கு சொலாஸ் ஃபிளேருக்குப் பக்கத்தில்கூட வராது, பகலில் சுத்தமாக உதவாது. ஆனால் ஒரு நிமிடத்தில் அணைந்துபோகாத விளக்கு என்ற ஒரு குணத்துக்காகவே அதை வாங்கச் சொல்வேன். விதி ஃபிளேர் கட்டாயம் என்றால், அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு ஃபிளேர், மிச்சத்துக்கு இந்த விளக்கு.

செலவே இல்லாத சைகைகளையும் மறந்துவிடாதீர்கள். கடல் மோதல் தடுப்பு விதிகளின் நான்காம் இணைப்பில் அதிகாரப்பூர்வமான பட்டியல் உண்டு: இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்துவது, மூடுபனியில் ஊதும் கொம்பை விடாமல் ஊதுவது, ஒரு சதுரக் கொடிக்கு மேலோ கீழோ ஒரு பந்து மாதிரி எதையாவது கட்டுவது, கறுப்புச் சதுரமும் வட்டமும் வரைந்த ஆரஞ்சுத் துணி, நீரில் கரையும் சாயம் எல்லாம் அதில் வருகின்றன. பட்டியலில் இல்லாத கண்ணாடித் துண்டு ஒன்று வெயிலில் மைல்கணக்கில் மின்னும். ஆபத்துக்குப் பாவமில்லை என்பது கடல் சட்டத்திலும் உண்டு: உயிர் போகும் நிலையில் கையில் கிடைக்கும் எந்த வழியாலும் உதவி கேட்கலாம், வானொலி உரிமம் இல்லாதவர்கூட. விளையாட்டுக்குச் செய்வதுதான் குற்றம்.

இனி உங்கள் டப்பா. காலாவதித் தேதி வியாபாரத் தந்திரம் என்று பேசுவோர் உண்டு. ஓரளவு உண்மை, தேதி கடந்த மறுநாளே அது செத்துவிடாது. ஆனால் உள்ளே இருப்பதைப் பாருங்கள்: சிவப்பு நிறத்துக்கு ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட், வெப்பத்துக்கும் ஒளிக்கும் மெக்னீசியத் தூள், ஆக்சிஜன் கொடுக்கப் பெர்குளோரேட், எல்லாவற்றையும் பிடித்துவைக்க ஒரு பிசின். மெக்னீசியத்துக்கு ஈரம் ஆகாது. படகின் அடித்தட்டோ ஈரமும் உப்பும் வெயில் புழுக்கமும் அதிர்வும் கலந்த இடம். ஆண்டுகள் போகப் போக ரப்பர் வளையம் இறுகும், அழுத்திய மருந்துக் கட்டியில் விரிசல் விழும். விரிசல் விழுந்த கட்டி எரியும்போது சீராக மேலிருந்து கீழே எரியாமல் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். எரியாமல் போவது ஒரு தோல்வி. கையிலேயே வெடிப்பது வேறு மாதிரித் தோல்வி.

ஒரு பயிற்சியில், அனுபவசாலிகள் முன்னிலையில், தேதி கடந்த கைஃபிளேர்கள் சிலவற்றை மணல் தொட்டிக்கு மேலே பற்றவைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை ஒழுங்காகவே எரிந்தன. ஒன்று பற்றவே இல்லை. இன்னொன்று எரிந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் பொத்துக்கொண்டு பிடிக்கும் இடத்தை நோக்கி நெருப்பைத் துப்பியது. அதைப் பிடித்திருந்தவர் கையுறை போட்டிருந்தார். நான் அதற்கு முன்பு போட்டதில்லை, அன்றிலிருந்து போடுகிறேன்.

உபரியாக வைத்துக்கொள்ளலாமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. தேதிக்குள் உள்ளவை முழு எண்ணிக்கையில் இருந்தால் பழையதைக் கூடுதலாக வைக்கலாம் என்பது அமெரிக்காவில் வழக்கமான பேச்சு. வைக்கவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. என் கட்சி இரண்டாவது. இருட்டில், நடுங்கும் கையால், டப்பாவைத் துழாவும்போது பழையதுதான் முதலில் கையில் வரும். ராக்கெட் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. ஆறு வருடம் கடந்த ராக்கெட்டைக் கையில் பிடித்து ஏவ நான் துணியமாட்டேன்.

கழிப்பதற்கு வருவோம். ஒவ்வொரு குறுக்குவழியும் ஏன் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன், காரணம் தெரிந்தால்தான் கை நிற்கும்.

தண்ணீரில் ஊறவைப்பது எல்லோரும் சொல்லும் யோசனை. ஃபிளேர் கடலில் நனைந்தாலும் எரிவதற்காகவே செய்யப்பட்டது. கைஃபிளேர் தண்ணீருக்குள் 10 விநாடி அமிழ்ந்தாலும் எரிய வேண்டும் என்பது விதி. வாளிக்குள் கிடப்பதால் அது செத்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தண்ணீர் உள்ளே போய்விட்டாலோ பெர்குளோரேட் அதில் கரையும். அந்த வாளியை எங்கே ஊற்றுவீர்கள்? நிலத்தடி நீரில் சேர்ந்தால், உடலில் அயோடின் தைராய்டு சுரப்பிக்குப் போவதைத் தடுக்கும் பொருள் அது. ஊறிய குச்சி பின்னால் காய்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குப்பைத்தொட்டி என்றால், குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உரசினால் பற்றும் பொருளை அதற்குள் போடுகிறோம். பற்றிக்கொண்டால் அணைப்பதும் லேசல்ல. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருக்கும் நெருப்பு அது, மூடினாலும் எரியும். எரியும் மெக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பும்.

கடலில் எறிவது சட்டப்படியும் குற்றம். கடல் மாசைத் தடுக்கும் மார்பால் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு கடலில் குப்பை போடுவதைத் தடுக்கிறது, உங்கள் சின்னப் படகுக்கும் அது பொருந்தும். சட்டத்தை விடுங்கள், சிவப்பு நிறத்தில் பளபளக்கும் குழாய் ஒன்று கரை ஒதுங்கினால் அதை முதலில் எடுப்பது குழந்தையாகத்தான் இருக்கும்.

கொண்டாட்டத்தில் ஏவிவிடுவது எல்லாவற்றிலும் கெட்டது. சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் மீட்புப் படையினர் அதை நிஜம் என்றுதான் எடுத்துக்கொண்டு இரவில் கடலுக்குள் இறங்குவார்கள். நிலத்தில் இன்னும் கொடுமை. 1993 நவம்பரில் கார்டிஃபில் வேல்ஸ்-ருமேனியா கால்பந்து ஆட்டம் முடிந்தபோது ஏவப்பட்ட கடல் ராக்கெட் ஒன்று அரங்கத்தைக் கடந்துபோய்ப் பார்வையாளர் ஒருவரைக் கொன்றது. 300 மீட்டர் மேலே போகத் தயாரித்த பொருளைக் கிடைமட்டமாக விட்டால் அதுதான் நடக்கும். பழைய ஃபிளேரை ‘யாருக்காவது உதவட்டும்’ என்று தானமாகக் கொடுப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எங்கே கொடுப்பது? நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். எங்கு இருந்தாலும் முதல் விதி ஒன்றே: எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தொலைபேசியில் கேளுங்கள். ஃபிளேர் சட்டத்தின் கண்ணில் வெடிபொருள். நீங்கள் நல்லெண்ணத்தோடு அதை ஒரு அலுவலக மேசையில் வைத்தால் கட்டிடத்தையே காலி செய்ய வேண்டி வரலாம். கேட்கும் வரிசை என் அனுபவத்தில் இப்படி: முதலில் ஃபிளேர் விற்கும் கடை, புதியது வாங்குபவரிடம் பழையதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. அடுத்து உயிர்காப்பு மிதவைகளைப் பழுதுபார்க்கும் நிலையம். மிதவைக்குள் இருக்கும் காலாவதி ஃபிளேர்களை அவர்கள் வழக்கமாகவே மாற்றுவதால், கழிக்கும் ஏற்பாடு அவர்களிடம் இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அப்புறம் கடலோரக் காவல்படை, துறைமுக அலுவலகம், தீயணைப்பு, காவல்துறை. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் காலாவதி ஃபிளேர்களை வாங்கிக்கொள்ளச் சேகரிப்பு நாட்களும் இடங்களும் அறிவிப்பதுண்டு. வீட்டு அபாயக் கழிவு வாங்கும் மையங்கள் பெயின்ட், பேட்டரி வாங்கினாலும் வெடிபொருளை மறுப்பது சகஜம். அங்கே பேசும்போது ‘ஃபிளேர்’ என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு நல்ல வழி, படகுச் சங்கங்களோ மீட்புப் பயிற்சி நடத்துவோரோ அனுமதி வாங்கி, கடலோரக் காவல்படைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்தும் பயிற்சி நாட்கள். தேதி அண்மையில் கடந்த கைஃபிளேர்களைச் சிலர் ஏற்றுக்கொள்வார்கள். ஆறு வருடப் பழசை வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது.

கொண்டுபோகச் சொன்னால்: அசல் உறையோடு, மூடிகள் இறுக இருக்க, கடினமான பெட்டிக்குள் துணி சுற்றி, வெயில் படாமல், பெட்ரோல் கேனிலிருந்து விலக்கி வைத்து நேராக அங்கேயே போங்கள். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தபால், கூரியர், விமானம் எதிலும் வெடிபொருள் போகக் கூடாது. பேருந்திலும் எடுத்துப் போகாதீர்கள்.

ஈபிர்ப்பை மறந்துவிடுவார்கள். அது வெடிபொருள் அல்ல, ஆனால் பேசும். குப்பையில் போட்ட பழைய கருவி எங்கோ தட்டுப்பட்டு முடுக்கம் பெற்று, மீட்புக் குழுவினர் தேடித் தேடிக் கடைசியில் குப்பைமேட்டில் போய் நிற்பது பலமுறை நடந்த கதை. பேட்டரி தேதி கடந்தது என்பதற்காக அதற்குச் சக்தி இல்லை என்று பொருள் அல்ல. 48 மணி நேரம் தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்றுதான் பொருள். கருவியின் நிலை நன்றாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பேட்டரி மாற்றி, உங்கள் பெயரில் பதிந்து மீண்டும் பயன்படுத்தலாம். இல்லையென்றால் தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி பேட்டரியைக் கழற்றச் செய்து, லித்தியம் பேட்டரி வாங்கும் இடத்தில் அதைத் தனியாகக் கொடுத்து, ஆன்டெனாவை வெட்டி, உடல்மேல் ‘செயலிழந்தது’ என்று எழுதி, மின்கழிவில் சேருங்கள். பதிவேட்டிலிருந்து எண்ணை நீக்குவதும் அந்த வேலையில் சேர்ந்தது. முந்தைய உரிமையாளர் பெயரில் இருந்தால் அவரைக் கொண்டே நீக்கச் சொல்லுங்கள். நடுவில் தவறுதலாக முடுக்கிவிட்டால், அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். சைகை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். மீட்பு மையத்தைக் கூப்பிட்டு ‘தவறுதலாக நடந்தது’ என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அந்த ஓர் அழைப்பு போதும்.

உங்கள் விஷயத்தில் நாளைக்கே செய்ய வேண்டியது: துரு ஏறியதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மற்ற ஃபிளேர்களையும் அதிலிருந்து பிரிக்கிறேன் என்று டப்பாவைக் கிளறாமல், கைபேசியில் ஒரு படம் எடுங்கள். வகை, எண்ணிக்கை, தேதி, துரு எல்லாம் அந்தப் படத்தில் தெரியட்டும். மிதவை நிலையத்தையும் கடலோரக் காவல்படையையும் கூப்பிட்டு, துருவைத்தான் முதலில் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ளதைக் கொண்டுவரச் சொல்பவர்கள்கூடத் துருவைக் கேட்டதும் தாங்களே வருகிறோம் என்று சொல்லக்கூடும். அவர்கள் வந்து எடுக்கும்வரை அந்தப் படகில் வெல்டிங், அரவை, அடுப்பு எதுவும் வேண்டாம். புதிய பெட்டி அதற்குள் வந்துவிட்டால் அதை வீட்டில் வையுங்கள், பழையதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.